சென்னை இசைவிழாக்களும் ஊர்க் கலைஞரும்

ஆவடியை அடுத்த கோவில்பதாகையிலிருந்து தெற்கு நோக்கிப் பூந்தமல்லியைக் கடந்து சுமார் 20 கிலோமீட்டர் சென்றால், சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கு அண்மையில் கோவூர் என்னும் ஊர் வரும். திருவையாற்றை விட்டு எளிதில் நகராத தியாகராச சுவாமிகள் (1767–1847) தம் முதுமைக் காலத்தில் சென்னைப் பட்டணத்துக்கு வந்தபோது, அவரைத் தம் இல்லத்தில் அமர்த்தி விருந்தோம்பியவர் இவ்வூர்ச் சுந்தரேச முதலியார். பட்டணத்துப் பந்தர் தெருவிலிருந்த முதலியாரின் வீட்டில் சில நாள் தங்கிய சுவாமிகள், பின்னர் அவருடைய சொந்த ஊராகிய கோவூருக்கும் சென்றார். அங்குக் கோயில்கொண்ட சுந்தரேசுவரர் மீது அவர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகளே கோவூர்ப் பஞ்சரத்தினம் என இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன.

கோவூரை விட்டுப் புறப்பட்ட சுவாமிகளின் பல்லக்கில், அவருக்குத் தெரியாமல் முதலியார் ஆயிரம் பொன் வைத்து அனுப்பினார் என்றும், வழியில் கள்வர் மறித்தபோது இராமலக்குமணரே காவல் நின்றனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் அற்புதப் பகுதியை நம்புவோர் நம்பலாம். வரலாற்று நோக்கில் கருதத்தக்கது அதன் முற்பகுதி. கொடுப்பதைச் சொல்லாமல் கொடுத்த புரவலர் ஒருவர் தொண்டைநாட்டுச் சிற்றூரில் வாழ்ந்தார் என்னும் நினைவை அக்கதை காத்து வைத்திருக்கிறது. பாட்டைக் கேட்பதற்குப் பட்டணத்துக்குச் சென்றவர், பாடுபவரைத் தம் ஊருக்கு அழைத்து வந்தார். இன்றைய மேற்குப் புறநகர் மக்கள் ஒவ்வொரு மார்கழியிலும் இரயிலேறிப் போவது இதற்கு நேர்மாறான திசையில்.

இப்பகுதி இசைக்குப் புதியது அன்று. வடதிருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடியுள்ளார்; திருவேற்காட்டைச் சம்பந்தர் பாடியுள்ளார்; திருநின்றவூரைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். ஓதுவார் குரலும் நாதசுரமும் இக்கோயில்களில் நெடுங்காலம் வழிபாட்டின் உறுப்பாகவே இருந்து வந்தன. ஆடித் திங்களில் அம்மன் கோயில்தோறும் பம்பையும் உடுக்கையும் முழங்குவதும், விடிய விடியத் தெருக்கூத்து நிகழ்வதும் தொண்டைநாட்டுக்கே உரிய வழக்குகள். இவற்றுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. இருக்கை எண்ணும் இல்லை. கலைஞர் பெரும்பாலும் அண்டை ஊரினர். கேட்போர் அவர்களை முறை சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்தவர்கள்.

1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனபின் அரண்மனை ஆதரவை இழந்த கலைஞர் பலர் சென்னைக்குப் பெயர்ந்தனர். துறைமுகமும் நீதிமன்றமும் வணிகமும் பெருகிய இந்நகரில் துபாஷிகளும் வணிகரும் பின்னாளில் வழக்கறிஞரும் புரவலராயினர். திருவொற்றியூரில் வாழ்ந்த வீணை குப்பையர் தியாகராசரின் நேர் மாணவர். அவர் மைந்தர் திருவொற்றியூர்த் தியாகையர் தந்தையின் உருப்படிகளையும் தம் உருப்படிகளையும் அச்சேற்றினார். தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரக் குறிப்புடன் கூடிய இசை நூல்களை வரிசையாக வெளியிட்டனர். ஆகவே, சென்னை இசை முழுவதும் காவிரிக் கரையிலிருந்து இறக்குமதியானது என்று சொல்லும் வழக்கம் முழு உண்மையாகாது. வந்தவர்க்கு இடம் கொடுத்த ஊரும் தனக்கென ஒரு மரபைக் கொண்டிருந்தது.

அந்த மரபின் கொடுமுடி வீணை தனம்மாள் (1867–1938). ஜார்ஜ் டவுனில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து மறைந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் அவர் வீணை வாசிப்பதைக் கேட்க நகரத்து இரசிகரும் வித்துவான்களும் வந்து கூடினர். மிருதங்கம் முதலிய பக்கவாத்தியம் எதுவும் கிடையாது, மெல்லிய ஓசை, பேச்சுக்கும் இருமலுக்கும் அங்கே இடமில்லை. பெரிய பாடகர் பலரும் அவ்வீட்டில் வெறும் மாணவராகவே அமர்ந்தனர் என்பர். இத்தகைய பெருமை வாய்ந்தவர் இறுதிவரை பணமுடையில் உழன்றார், பார்வையையும் இழந்தார். நகரமே போற்றிய ஒரு கலைஞரின் வீட்டு அடுப்பு ஒழுங்காக எரியாமல் இருந்ததற்கு என்ன விளக்கம் கூறுவது? வெள்ளிக்கிழமைதோறும் வந்து கேட்டவர் பலர். அக்கேள்விக்கு உரிய விலையைக் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் அன்று நகரத்திடம் இல்லை. புகழ்ச்சி இருந்தது, அது அரிசி வாங்க உதவாது.

அந்த ஏற்பாட்டைச் செய்ய வந்தவையே சபாக்கள். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி சபா முதலானவை 20ஆம் நூற்றாண்டின் விடியலிலேயே தோன்றிவிட்டன. உறுப்பினர் சந்தா, நுழைவுச் சீட்டு, செல்வர் நன்கொடை ஆகிய மூன்றும் சேர்ந்து கச்சேரிக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கை உண்டாக்கின. ஒரு சமீன்தாரின் மனநிலையை நம்பியிருந்த பாடகர், இப்போது நூறு குமாஸ்தாக்களின் நாலணாவை நம்பலாயினர். மாற்றம் கலைஞர் எல்லோருக்கும் ஒன்றுபோல் நன்மை செய்யவில்லை. கோயில் வீதியில் ஊர்வலத்தோடு நடந்து வாசித்த நாதசுரக்காரருக்கும், சதிர் ஆடிய பெண்டிருக்கும் சபா மேடையின் கதவு மெதுவாகவும் அரைகுறையாகவுமே திறந்தது.

1927 டிசம்பரில் டாக்டர் அன்சாரி தலைமையில் சென்னையில் காங்கிரசு மாநாடு கூடியது. முழு விடுதலையே குறிக்கோள் என்னும் தீர்மானம் நிறைவேறிய அம்மாநாட்டையொட்டி அனைத்திந்திய இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் விளைவாக எழுந்த சென்னை சங்கீத வித்துவ சபையை 1928 ஆகஸ்ட் 18ஆம் நாள் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. இராமசாமி ஐயர் தொடங்கி வைத்தார். டாக்டர் யு. ராமராவ் முதல் தலைவர். மியூசிக் அகாதெமி என்னும் பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. காங்கிரசு கூடிய கிறிஸ்துமசு வாரம் நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் விடுமுறைக் காலம். வழக்கறிஞரே பெரும்பாலும் சபா நடத்துநராக இருந்தமையால் அவ்வாரம் இசைக்கும் வசதியாயிற்று. பக்திப் பருவமான மார்கழியோடு அது இணைந்துவிட்டதால், மார்கழிக் கச்சேரி ஏதோ ஆழ்வார் காலத்து வழக்கம் போலப் பின்வந்தோர்க்குத் தோன்றலாயிற்று. திருப்பாவையோடு நீதிமன்ற விடுமுறைக்கும் அதில் பங்குண்டு.

அகாதெமியின் தொடக்க வரலாற்றில் இங்கு விரித்துரைக்க வேண்டியது ஒரு மாலைப்பொழுது. 1931 மார்ச் 15ஆம் நாள், திருவாளப்புத்தூர்க் கல்யாணியின் புதல்வியரான இராசலட்சுமியும் சீவரத்தினமும் அகாதெமியில் சதிர் ஆடினர். அகாதெமியின் செயலாளர்களுள் ஒருவரும், பெண் வேடமிட்டுத் தாமே சதிர் ஆடியவருமான வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சி அது. பார்க்க வந்தவர் மிகச் சிலரே. தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம்; மதிப்புடைய குடும்பத்தார் அந்த அரங்கில் அமர்ந்திருப்பதைப் பிறர் பார்க்க விரும்பவில்லை. 1932 இறுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் கிருஷ்ண ஐயரும் நாளிதழ்களில் இதுகுறித்துக் காரசாரமாக எழுதினர். முத்துலட்சுமி ரெட்டி பேசியது பெண் குழந்தைகளின் வாழ்வைப் பற்றி. கிருஷ்ண ஐயர் பேசியது கலையின் உயிரைப் பற்றி. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தமையால்தான் அவ்வாதம் இன்றும் முடியவில்லை. 1933 சனவரி முதல் நாள் அதே சகோதரியர் மீண்டும் ஆடியபோது அரங்கு நிறைந்தது. ஈராண்டுக்குள் இம்மாற்றம். சர்ச்சையால் தூண்டப்பட்டு வந்தவர் பலர் இருக்கலாம். வந்தவர் கண்டனர், பிறரிடம் சொல்லினர். அதே ஆண்டில் தனம்மாளின் பேத்தி தஞ்சாவூர் பாலசரசுவதியும் அகாதெமியில் ஆடினார்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அரங்கு நிறைந்தபின் அக்கலைக்குப் பரதநாட்டியம் என்னும் பெயர் உறுதிப்பட்டது. புதிய குடும்பங்களின் பெண்கள் அதைக் கற்க வந்தனர். ஆனால் அதைக் காத்து வந்த மரபுக் குடும்பங்களின் பெண்கள் பெரும்பாலோர் சில பத்தாண்டுகளில் மேடையை விட்டே மறைந்தனர். 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. பாலசரசுவதி அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டத்தைப் பெற்றது 1973இல். அவருடைய சித்தி மகளும் தனம்மாளின் இசைச் செல்வத்தை அப்படியே கைக்கொண்டவருமான பிருந்தா பெற்றது 1976இல். தனம்மாள் மறைந்து அப்போது 38 ஆண்டுகள். சென்னை தன் சொந்தக் கலைஞரைக் கண்டுகொள்ள எடுத்துக்கொண்ட காலத்தை இவ்வாண்டுகளைக் கொண்டு ஒருவாறு அளக்கலாம்.

சபாவுக்கு வர இயலாதவர்க்கும் இசை எட்டியது வானொலியால். 1930 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநகராட்சியே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மாலைதோறும் இசை வழங்கிற்று. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலி அப்பணியை ஏற்றது. வழிநடப்போர் நின்று கேட்டுப் போகும்படி, கட்டணமின்றி, ஊரார் வரிப்பணத்தில் உள்ளூர்க் கலைஞரைப் பாடவைத்த அந்த எட்டாண்டு முயற்சிக்கு வரலாற்று நூல்கள் இரண்டு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

மொழி பற்றிய கேள்வி அடுத்து எழுந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக ஒடுங்கிக் கிடப்பதா எனக் கேட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் கூடிய மாநாடு தமிழ் இசைக்கு முதன்மை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அரசர் அண்ணாமலைச் செட்டியார் பொருள் தந்தார், ஆர்.கே. சண்முகம் செட்டியார், டி.கே.சி., கல்கி, இராஜாஜி ஆகியோர் துணைநின்றனர். அகாதெமியின் தரப்போ இசைக்கு மொழித்தடை கூடாது என்றது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றி, ஆண்டுதோறும் டிசம்பரில் தனி இசைவிழா நடத்தத் தலைப்பட்டது. 1952இல் அதற்கென இராஜா அண்ணாமலை மன்றம் திறக்கப்பட்டது. 1949 முதல் சங்கம் நடத்திவரும் பண்ணாராய்ச்சிக் கூட்டங்கள் ஓதுவார்களை அறிஞர் அவையில் அமர்த்தின. திருமுல்லைவாயில், திருவேற்காடு போன்ற கோயில்களில் யாரும் பெயர் கேட்காமல் பாடிவந்த மரபினர் அவர்கள். கேட்கும் மொழி மாறினால் கேட்போர் கூட்டமும் மாறும் என்பதைச் சங்கத்தின் விழாக்கள் காட்டின.

1955 சனவரியில் மற்றொரு காங்கிரசு மாநாடு, இம்முறை ஆவடியில். சோசலிச பாணிச் சமுதாயம் என்னும் குறிக்கோளை அறிவித்த மாநாடு அது. 1927 மாநாடு நகருக்கு ஓர் இசைவிழாவை விட்டுச் சென்றது. ஆவடி மாநாடு அவ்வாறு எதையும் விட்டுச் செல்லவில்லை. அக்காலத்தில் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தவை ஆலைகள். அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை, பெரம்பூரில் 1955இல் இரயில்பெட்டித் தொழிற்சாலை, 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என அடுத்தடுத்து எழுந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் குடியேறினர். ஏரிக்கரைச் சிற்றூர்கள் குடியிருப்புகளாயின. ஆவடி 2019இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. மக்கள்தொகை மேற்கே நகர்ந்தபோது இசையரங்குகள் மட்டும் மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தியாகராயநகர் என்னும் சிறு வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டன.

இதன் விளைவைக் கோவில்பதாகையில் வாழும் ஓர் இரசிகரின் மாலைப்பொழுதைக் கொண்டு அறியலாம். பேருந்தில் ஆவடி நிலையம், அங்கிருந்து மின்தொடர் வண்டியில் சென்னை சென்ட்ரல், மீண்டும் பேருந்து அல்லது ஆட்டோ. மாலை ஆறரைக் கச்சேரிக்கு நாலு மணிக்கே புறப்பட வேண்டும். இராகம் தானம் பல்லவி தொடங்கும் வேளையில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தின் போது எழுந்து செல்வோரை இரசனையற்றவர் என ஏளனம் செய்யும் கட்டுரைகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. எழுந்தவர் எந்த வண்டியைப் பிடிக்க ஓடுகிறார் என அக்கட்டுரையாளர் கேட்பதில்லை.

சபாக்களில் நண்பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வளரும் இளைஞர்க்கு அவ்வேளையே ஒதுக்கப்படுகிறது. பதினைந்து ஆண்டு பயின்ற ஒரு பெண் தம்புராவைச் சுருதி சேர்த்து நிமிரும்போது, எதிரே இருப்பவர் இருபது பேர். அவருள் பாதி உறவினர். மாலைக் கச்சேரிக்குக் கூடும் ஆயிரம் பேரில் பத்தில் ஒருவர் நண்பகலிலும் வந்தால் அவ்விளைஞரின் நிலையே வேறாகும். மேடை பெறுவதற்கு இளங்கலைஞரே பணம் தரும் நிலை சில இடங்களில் உண்டு என்னும் குறை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. நுழைவுச் சீட்டு விற்காத இடத்தில் கணக்கை எப்படியேனும் நேர்செய்ய முயலும்போது அத்தகைய வழிகள் பிறக்கின்றன. நாதசுரத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. விழாவைத் தொடங்கி வைக்கும் மங்கல இசை அதுவே. அதை வாசிக்கும்போது அரங்கினர் இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருப்பர்.

விழா ஓரிடத்தில் நிலைத்துவிட வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. பிரித்தானியத் தீவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டில் ஐஸ்டெத்வோட் என்னும் பாட்டு, கவிதைப் பெருவிழா 1861 முதல் தேசிய விழாவாக நடந்து வருகிறது. ஓராண்டு வடபகுதி என்றால் மறு ஆண்டு தென்பகுதி என அவ்விழா மாறிமாறிச் செல்லும். வந்திறங்கும் ஊரின் பாடற்குழுக்கள் அதற்காகப் பல மாதம் முன்பே பயில்கின்றன. செலவில் ஒரு பங்கையும் அவ்வூரார் திரட்டுகின்றனர். ஆங்கிலத்தின் நிழலில் ஒடுங்கிய மொழி அவர்களுடையது. தம் மொழிக் கலைஞரைக் கேட்கத் தாமே சென்றாக வேண்டும் என்னும் உணர்வு அவர்களுக்கு இயல்பாக வந்தது.

சென்னையிலும் விழாவை வெளியே கொணரும் முயற்சிகள் இந்நூற்றாண்டில் தோன்றின. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், தப்பாட்டமும் கரகமும் நாதசுரமும் கருநாடக இசையும் பூங்காக்களில் ஒருசேர நிகழக் கண்டது. சில ஆண்டுகளில் நின்றுபோன அவ்விழா 2023 பொங்கலின் போது அரசின் ஆதரவில் மீண்டும் உயிர்பெற்றது. 2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர்–ஆல்காட் மீனவர் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து ஒரு விழா எடுத்தனர். அகாதெமியில் பாடுவோர் அங்குப் பறையாட்டத்துக்கு அடுத்து மேடையேறினர். கடற்காற்றில் சுருதி நில்லாமற் போவதும், குழந்தைகள் மேடையருகே ஓடுவதும் புதிய அனுபவம். அது வெறும் காட்சிப்பொருளாக முடியும் என்று கூறியோரும் உண்டு. ஆண்டுக்கொரு மாலையால் சாதி மதில் சரியாது என்னும் அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அம்மாலையில் முதன்முறையாக ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டனர்.

சென்னையின் மண்ணிலேயே பிறந்தது எனத் தயக்கமின்றிச் சொல்லத்தக்க பாட்டு கானா. வடசென்னையின் உழைப்பாளர் குடியிருப்புகளில் இழவு வீட்டு இரவுகளில் வளர்ந்த பாடல் அது. திரைப்படம் அதை எடுத்தாண்டு பொருள் ஈட்டியது. சபாக்கள் அதன் பெயரையும் உச்சரித்ததில்லை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 சனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்துப் பள்ளித் திடலில் கானாவையும் மேலைநாட்டு ராப்பையும் சேர்த்து அரங்கேற்றியது. 2020 டிசம்பரில் அதே மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. மார்கழி என்னும் சொல்லையே பங்கு கேட்ட பெயர் அது. கொள்ளைநோயால் பெரிய சபாக்கள் அரங்கை மூடிக் கச்சேரிகளை இணையவழி அனுப்பிய ஆண்டும் அதுவே.

2017இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் படைப்பு நகரங்களின் வரிசையில் இசைக்குரிய நகராகச் சென்னையைச் சேர்த்தது. நகரம் மகிழ்ந்தது, அது நியாயமான மகிழ்ச்சி. அச்சிறப்பு ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் சேர்த்துத் தரப்பட்டதா என்பதை யாரும் ஆராயவில்லை.

இப்பகுதியின் கோயில் விழா அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். பளபளப்பான தாளில் கொடையாளர் பெயர்கள் ஊர், தொழில், கைப்பேசி எண்ணுடன் மூன்று பத்திகளுக்கு நீளும். தலைமை தாங்குவோர், முன்னிலை வகிப்போர், பொன்னாடை போர்த்துவோர் அனைவருக்கும் படமும் உண்டு. கடைசிப் பகுதியில் ‘மாலை 6 மணிக்கு நாதசுர இன்னிசை’, ‘இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து’ என இரு வரிகள் இருக்கும். வாசிப்பவர் யார், ஆடுபவர் யார் என்பது பெரும்பாலும் அச்சாவதில்லை. 1931இல் அகாதெமியில் ஆடிய பெண்களையும் ‘கல்யாணியின் புதல்வியர்’ என்றே அக்கால அறிவிப்புகள் குறித்தன. அவர்தம் பெயர்களைப் பின்வந்த ஆய்வாளர் தேடி எழுதிச் சேர்த்தனர். கோவில்பதாகையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடி மாதம் பம்பை முழக்கிச் செல்வோரின் பெயர்கள் அந்த ஊர்களில் இன்னும் சிலருக்குத் தெரியும்.